குறோனிக்கிளும் ஹிஸ்ரறியும்: ஆவணி எந்த மாதம்?

திங்கட்கிழமை எங்கள் உணவகம் பூட்டு. கிழமையில் அந்த ஒரு நாள்தான் நான் வீட்டில் ஒரு அப்பாவாக இருக்கிற நாள். போன திங்கள் பின்னேரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டாள்.

"அப்பா, குறோனிக்கிள் எண்டாலும் ஹிஸ்ரறி எண்டாலும் ஒண்டுதானே? ரீச்சர் வித்தியாசம் எழுதிக்கொண்டு வரச் சொன்னவ."

அவளுக்கு 11 வயது, ஏழாம் வகுப்பு. இந்த நாட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 1066இல்தான் சரித்திரம் தொடங்கும். நோர்மன்காரர் வந்தது, ஹரோல்ட் மன்னன் செத்தது, அதையெல்லாம் எழுதி வைத்த 'ஆங்கிலோ சக்ஸன் குறோனிக்கிள்'. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

"ஓமம்மா, ரெண்டும் பழைய கதைதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை. முதலாவது, நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். மூன்றாம் வருடத்தோடு நின்றுபோனது, பட்டம் இல்லை. படித்ததெல்லாம் இப்ப லண்டனில் ஒரு குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது காரணம் கொஞ்சம் பெரிசு. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் விழுந்துதான் என்ர அகதி வழக்கு முதல் தரம் தோற்றது. பிள்ளைக்கு அது தெரியாது.

அவளுக்கு அன்றைக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இரண்டும் ஆங்கிலத்துக்குக் கிரேக்கத்தில் இருந்து, லத்தீன் வழியாக வந்தவை. குறோனிக்கிள் என்பதற்குள் இருப்பது 'குறோனோஸ்' என்ற சொல். காலம் என்று அர்த்தம். எந்த ஆண்டில் எது நடந்தது என்று காலத்தின் வரிசையில் எழுதிக்கொண்டு போவது குறோனிக்கிள். ஹிஸ்ரறிக்குள் இருப்பது 'ஹிஸ்ரோரியா'. அதற்குக் கிரேக்கத்தில் விசாரித்து அறிதல் என்று பொருள். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் தன்னுடைய புத்தகத்துக்கு அந்தச் சொல்லைத்தான் பாவித்தார். ஊர் ஊராகப் போய், ஆட்களைக் கேட்டு, ஏன் இந்தச் சண்டை வந்தது என்று விசாரித்து எழுதியதால் அந்தப் பெயர்.

தமிழில் எங்களிடமும் இரண்டுக்கும் சொல் இருக்கிறது. வேதாகமத்தில் குறோனிக்கிள்ஸ் என்ற இரண்டு ஆகமங்களைத் தமிழில் 'நாளாகமம்' என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள். ஹிஸ்ரறிக்கு வரலாறு. வரல், ஆறு, வந்த வழி. நாளாகமம் நாளைச் சொல்லும். வரலாறு அந்த நாளுக்கு நாங்கள் எந்த வழியால் வந்து சேர்ந்தோம் என்று சொல்லவேண்டும்.

பிள்ளைக்கு இது விளங்கவில்லை. அதனால் குசினியை வைத்துச் சொன்னேன்.

எங்கள் குசினியில் பெரிய பிரிட்ஜ் மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றின் கதவிலும் ஒரு தாள் தொங்கும். காலையும் மாலையும் உள்ளே எத்தனை பாகை என்று பார்த்து எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். 4, 4, 5, 4. அதுதான் குறோனிக்கிள். ஒரு நாள் அந்தத் தாளில் 11 என்று இருக்கிறது, உள்ளே இருந்த இறைச்சி முழுக்கக் குப்பைக்குப் போகிறது என்று வையுங்கள். அப்போது செஃப் கேட்பார்: ஏன்? கதவு ரப்பர் கிழிந்ததா, ஆரும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனதா, கிழிந்தது என்று முதலே சொன்னவனுக்கு "பிறகு பாப்பம்" என்று சொன்னது ஆர்? அந்தக் கேள்விகளில் தொடங்குவதுதான் ஹிஸ்ரறி.

"அப்ப ஹிஸ்ரறிதான் பெட்டர்" என்றாள்.

அப்படியும் இல்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் என்றைக்குப் பழுதானது என்றே தெரியாது, செஃப் ஆரை விசாரிப்பது? இன்னொன்றும் சொன்னேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை இரவு இருந்துகொண்டு முழுக் கிழமைக்கும் ஒரே பேனையால் 4, 4, 4, 4 என்று எழுதுவான். பார்க்க வடிவான தாள், ஒரு பிழையும் இல்லை. அதுதான் பொய். உண்மையாக எழுதின தாளில் எப்பவும் ஒரு 6 இருக்கும், ஒரு நாள் விடுபட்டிருக்கும், எண்ணெய்க் கை பட்ட அடையாளம் இருக்கும்.

இதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டுக் கொப்பியில் எழுதினாள். அவளுடைய வீட்டுவேலை அதோடு முடிந்தது. என்னுடையது முடியவில்லை.

ஆங்கிலோ சக்ஸன் குறோனிக்கிளின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. தர்மக் கடை ஒன்றில் பழைய புத்தகங்களுக்குள் கிடந்தது. இரவு பஸ்ஸில் வேலை முடிந்து வரும்போது வாசிக்கிறது வழக்கம். அது ஒரு விசித்திரமான புத்தகம். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அல்பிரட் மன்னனின் காலத்தில் தொகுத்திருக்கிறார்கள். பிரதிகளை மடங்களுக்கு அனுப்ப, ஒவ்வொரு மடத்திலும் துறவிகள் வருடா வருடம் கீழே எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரே புத்தகம் பல புத்தகமாகக் கிளை விட்டது. பீற்றர்பரோ மடத்துப் பிரதி 1154 வரைக்கும் போகிறது. நோர்மன்காரர் வந்து 88 வருடம் கழிந்தும், அரசமொழி மாறியும், ஒரு மடத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது எனக்கு மயிர்க் கூச்செறிந்தது.

இப்படி ஆண்டு ஆண்டாக எழுதும் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஈஸ்டர் திருநாள் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு திகதியில் வரும். அதைக் கணித்துப் பல வருடங்களுக்கு அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். எங்கட வீட்டுப் பஞ்சாங்கம் மாதிரி. அந்த அட்டவணையின் ஓரத்தில் கொஞ்ச இடம் இருக்கும். அதில் 'இந்த வருடம் ஆயர் இறந்தார்', 'கடும் குளிர்' என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். அந்த ஓர வரிகள்தான் வளர்ந்து நாளாகமம் ஆகின. எங்கட அம்மா பஞ்சாங்கக் கலண்டரில் 'மாடு கன்று போட்டது' என்று எழுதினது போலத்தான்.

இந்தக் குறோனிக்கிளில் 793ஆம் ஆண்டுக் குறிப்பு பேர் போனது. வடக்குக் கரையில் லிண்டிஸ்ஃபான் தீவில் இருந்த மடத்தை வைக்கிங்குகள் வந்து கொள்ளையடித்துக் கொன்ற வருடம். அதற்கு முன் வானத்தில் மின்னலும் நெருப்புப் பறவை நாகங்களும் தெரிந்தன, பஞ்சம் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் காலத்து நம்பிக்கை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. கொள்ளை நடந்த மாதம் ஜனவரி என்று குறோனிக்கிள் சொல்கிறது. அது ஜூன் மாதமாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. ஜனவரியில் வடகடலில் அந்த ஓடங்களை ஓட்டிக்கொண்டு ஒருத்தரும் கொள்ளைக்கு வரமாட்டார்கள். வேறொரு பழைய குறிப்பிலும் ஜூன் 8 என்றே இருக்கிறது. லத்தீனில் இரண்டு மாதப் பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதப்படும். பார்த்து எழுதினவர் ஒரு எழுத்தை மாறி எழுதிவிட்டார். அவ்வளவுதான்.

மாதம் பிழை. அதற்காக லிண்டிஸ்ஃபான் மடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று இந்த நாட்டில் ஒரு சரித்திர ஆசிரியரும் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு இறங்கவேண்டிய தரிப்பிடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

என்னுடைய வழக்கில் பிழைத்ததும் ஒரு மாதம்தான்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை பூட்டுப்பட்டது. யாழ்ப்பாணம் முழுக்க ஊரடங்கு. சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கம்பஸ் இல்லை. நல்லூர்த் தேர் முடிந்து சில நாள் கழித்து, சாமம் தாண்டின பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முகம் மூடியிருந்தது. அண்ணாவை எழுப்பினார்கள். அம்மா குழறினா. அதில் ஒருவன் நல்ல தமிழில் சொன்னான்: "ஒரு சின்ன விசாரணை, அம்மா. விடியக் கொண்டுவந்து விட்டிடுவம்."

மேலே எழுதினேனே, ஹிஸ்ரறி என்றால் விசாரணை என்று. கம்பஸில் முதல் வருடம் விரிவுரையாளர் அதைச் சொல்லும்போது நான் முன் வாங்கில் இருந்து எழுதினவன். எங்கட ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. அண்ணா வரவில்லை. இன்று வரைக்கும் இல்லை.

அடுத்த வருடம் நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் நாள் கேட்டபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "ஓகஸ்ட் கடைசி" என்று சொன்னேன். சில மாதம் கழித்துப் பெரிய நேர்காணல். அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்திருந்தார், தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். அவர் இருக்கிறார்தானே என்று நான் தமிழில் "ஆவணிக் கடைசி" என்றேன்.

ஈழத்து வாசகர்களுக்கு இப்பவே விளங்கியிருக்கும். எங்களுக்கு ஓகஸ்ட்டுக்கே ஆவணி என்றுதான் பெயர். தை என்றால் ஜனவரி, வைகாசி என்றால் மே. பேப்பரிலும் அப்படித்தான், பள்ளிக்கூட இடாப்பிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆவணி பிறப்பது ஓகஸ்ட் நடுவில், முடிவது செப்ரெம்பர் நடுவில். அவர் தன்னுடைய ஊர்க் கணக்கில் சரியாகத்தான் மொழிபெயர்த்தார்: செப்ரெம்பர் நடுப்பகுதி. நேர்காணல் எடுத்தவரும் சரியாகத்தான் எழுதினார். நான் சொன்னதும் சரி. மூன்று சரியும் சேர்ந்து ஒரு பிழையாகி, நிராகரிப்புக் கடிதத்தில் வந்தது: அண்ணனைக் கொண்டுபோன மாதத்தை இவர் இரண்டு விதமாகச் சொல்கிறார், ஆகவே அந்தச் சம்பவம் நடந்தது என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

பிறகு மேன்முறையீட்டில் வழக்கறிஞர் ஒரு இலங்கைக் கலண்டரையும் ஒரு இந்தியக் கலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நீதிபதி இரண்டையும் கனநேரம் பார்த்தார். வழக்கு வென்றது. ஆனால் அந்த முதல் கடிதத்தின் வசனம் இன்றும் மனதில் கிடக்கிறது. என்னிடம் குறோனிக்கிள் கேட்டார்கள். நான் கொண்டுபோனது ஹிஸ்ரறி. தேர், ஊரடங்கு, மண்ணெண்ணெய், அம்மாவின் குழறல் எல்லாம் வரிசையாக இருந்தது. திகதிதான் ஆடியது. மனிசனுக்குப் பெரிய துன்பம் திகதியோடு ஞாபகத்தில் நிற்பதில்லை. அதன் பக்கத்தில் நின்ற இன்னொன்றோடுதான் நிற்கும்.

சரி, ஹிஸ்ரறி என்று பெயர் வைத்து எழுதினவர்கள் எப்படி எழுதினார்கள்? இதே நாட்டில் ஜாரோ மடத்தில் பீட் என்றொரு துறவி இருந்தார். 731இல் ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்தார். பெயரிலேயே ஹிஸ்ரோரியா என்று போட்டார். அதன் முன்னுரையில் அவர் செய்த வேலை எனக்குப் பிடிக்கும். மன்னனுக்கு எழுதுகிற மாதிரித் தொடங்கி, இந்தப் பகுதியை எனக்குச் சொன்னவர் கன்ரபரி மடத்து அல்பினுஸ், அதைக் கொண்டுவந்து தந்தவர் லண்டன் குரு நொத்தெல்ம், அவர் ரோமுக்குப் போய்ப் பழைய கடிதங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார் என்று ஆள் ஆளாகச் சொல்லுகிறார். ஆரிடம் கேட்டேன் என்று சொல்வதுதான் விசாரணையின் முதல் ஒழுங்கு.

பீட் பக்கச்சார்பு இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. செஸ்ரர் சண்டையில் பிரித்தானியத் துறவிகள் ஏறத்தாழ 1200 பேர் வெட்டுப்பட்டதை, அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய தண்டனை என்ற தொனியில்தான் எழுதுகிறார். வாசிக்கக் கோபம் வரும். ஆனால் தன் சாட்சிகளைப் பெயர் சொல்லி வைத்ததால், 1300 வருடம் கழித்தும் நாங்கள் அவரையே விசாரிக்கலாம். கடைசிப் பகுதியில் இன்னொரு கெட்டித்தனம் செய்தார். முழுப் புத்தகத்தையும் ஆண்டு வாரியாகச் சுருக்கி ஒரு பட்டியல் போட்டார். தன் ஹிஸ்ரறியின் வாலில் ஒரு குறோனிக்கிளைக் கட்டிவிட்டார். இரண்டும் வேண்டும் என்று மனிசனுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம்.

வில்ஹெல்ம் கைகர் 1912இல் மகாவம்சத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது அதற்கு 'இலங்கையின் பெரும் குறோனிக்கிள்' என்று பெயர் வைத்தார். ஹிஸ்ரறி என்று வைக்கவில்லை. படித்த மனிதர், யோசித்துத்தான் வைத்திருப்பார். ஆனால் இலங்கையில் அதை ஹிஸ்ரறியாகத்தான் வாசித்தார்கள், அதற்கு எத்தனை உயிர் போனது என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தின தீபவம்சத்தில் துட்டகைமுனுவுக்குக் கிடைப்பது கொஞ்சச் செய்யுள்கள்தான். மகாவம்சத்தில் 22ஆம் அத்தியாயத்தில் இருந்து 32 வரைக்கும் பதினொரு அத்தியாயம் அவனுக்குத்தான். ஏன் அப்படி வளர்ந்தது என்று கேட்பது ஹிஸ்ரறி. கேட்காமல் பாடமாக்கினால் அது குறோனிக்கிளாகவும் இல்லை, வாளாகிவிடும். எல்லாளன் நீதி தவறாத அரசன் என்று எழுதியிருப்பதும் அதே மகாவம்சம்தான். அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தவர்கள் குறைவு.

எங்களுடையதில் மட்டும் எல்லாம் சரியா? யாழ்ப்பாண வைபவமாலையை எடுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்க, மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதியது. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் பார்த்து எழுதினேன் என்று புலவரும் பீட் மாதிரி ஆதாரம் சொல்கிறார். ஆனால் காலக் கணக்குக் குழம்பிக் கிடக்கிறது. மன்னாரில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டது 1544இல். போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல். நடுவில் 75 வருடம். வைபவமாலையில் இரண்டுக்கும் ஒரே சங்கிலிதான். உண்மையில் சங்கிலி என்ற பெயரில் இரண்டு பேர்.

இதை எங்கட ஆட்கள் மூடி மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெருமை. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்றே ஒரு நூல் எழுதினார். எங்கட நாளாகமத்தை எங்கட ஆளே எடுத்து வைத்து விசாரித்தார். அதேபோல் பேராசிரியர் கா. இந்திரபாலா. 1965இல் லண்டனில் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வில் இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றி ஒரு முடிவுக்கு வந்தார். 40 வருடம் கழித்து, 2005இல் வந்த புத்தகத்தில், புதுச் சான்றுகளைப் பார்த்துத் தன் பழைய கருத்தைத் தானே மாற்றினார். ஒரு நாளாகமம் தன்னைத் தானே திருத்தாது. வரலாறு எழுதுகிறவனால் முடியும். "நான் முந்திச் சொன்னது பிழை" என்று சொல்லத் தைரியம் வேண்டும். எங்கட கூட்டங்களில் அதைச் சொன்ன ஆளை நான் இன்னும் காணவில்லை.

கூட்டங்கள் என்று வந்ததால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்கவேண்டாம். இங்கே மேடைகளில் எங்கட வரலாறு என்று சொல்வது பெரும்பாலும் ஒரு திகதிப் பட்டியல். 56, 58, 77, 81, 83, 87, 2009. எல்லாம் உண்மை, ஒன்றும் பொய்யில்லை. எனக்கும் பாடம். ஆனால் அந்தப் பட்டியலில் 1990 ஐப்பசி இல்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இயக்கம் ஒரு சில மணி நேரத்தில் வெளியே போகச் சொன்ன மாதம் அது. எனக்கு அப்ப ஏழு வயது. அப்பா சைக்கிள் திருத்துகிற கடைக்காரர் அடுத்த நாள் இல்லை. கடை பலகை போட்டுப் பூட்டியிருந்தது. எங்க போனவர் என்று நான் கேட்க அப்பா மறுமொழி சொல்லாமல் சைக்கிளை உருட்டினார். ஒரே பேனையால் எழுதின 4, 4, 4, 4 தாளைப் பற்றிச் சொன்னேனே, பிழையே இல்லாத பட்டியலைக் கண்டால் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். எதை எழுதாமல் விட்டோம் என்று கேட்பதும் விசாரணைதான். அந்த விசாரணை எங்கட வீட்டுக்கு உள்ளேயும் வரவேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். குறோனிக்கிளைக் குறைத்து எழுதிவிட்டேன் என்று ஆரும் நினைக்கக் கூடாது.

பீற்றர்பரோ மடத்துப் பிரதியில் கடைசியாக எழுதினவர் பெயர் தெரியாத ஒரு துறவி. அவர் எழுதியது ஸ்ரீபன் மன்னனின் காலம், 1135இல் இருந்து 1154 வரை. உள்நாட்டுச் சண்டை. பிரபுக்கள் ஆளுக்கொரு கோட்டை கட்டி, சனத்தைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்துச் சித்திரவதை செய்த காலம். முன்னுக்கு எழுதினவர்கள் மாதிரி அவரும் ஆண்டு போட்டுத்தான் எழுதிக்கொண்டு வருகிறார். 1137க்கு வந்ததும் அவரால் ஏலாமல் போகிறது. அந்த ஒரு வருடத்தின் கீழே 19 வருடத் துன்பத்தையும் கொட்டுகிறார். காலில் கட்டித் தூக்கியது, கீழே புகை போட்டது, ஊர் ஊராக எரித்தது, ஒரு நாள் முழுக்க நடந்தாலும் ஒரு குடியிருப்பும் காணாதது. பிறகு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் மடத்துக் கணக்குக்கு வந்துவிடுகிறார். அந்த இடத்தை நான் மூன்று தரம் வாசித்தேன்.

அப்படி ஒரு பக்கத்தை நான் வேறொரு கையெழுத்திலும் பார்த்திருக்கிறேன்.

அம்மா 2020 வைகாசியில் காலமானா. கொரோனாக் காலம், விமானம் இல்லை. செத்தவீட்டை ரெலிபோனில்தான் பார்த்தேன். 2022இல் ஊருக்குப் போய் வந்த சொந்தக்காரர் ஒருவர் மிளகாய்த்தூள், ஒடியலோடு ஒரு சீ.ஆர். கொப்பியும் கொண்டுவந்து தந்தார். அண்ணா போனதில் இருந்து அம்மா எழுதினது. அம்மா எட்டாம் வகுப்பு. ஒரு நாளுக்கு ஒரு வரி, சில நாளுக்கு அதுவும் இல்லை. 'மழை.' 'சங்கக்கடையில் மா வந்தது.' 'கந்தோருக்குப் போனேன், நாளைக்கு வரட்டாம்.' 'கந்தோருக்குப் போனேன், ஐயா இல்லை.' 'சின்னவன் லண்டனில் இருந்து எடுத்தவன்.' பக்கம் பக்கமாக இப்படித்தான். கதை இல்லை, கண்ணீர் இல்லை. ஈஸ்டர் அட்டவணை ஓரத்தில் எழுதினவர்கள் போல.

ஒரு நாள் மட்டும் நாலு பக்கம். அன்றைக்கு ஒரு கந்தோரில், மரணச் சான்றிதழ் தரலாம், வாங்கிக்கொண்டு போங்கோ என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த இரவு முழுவதையும் எழுதியிருக்கிறா. அண்ணா போட்டிருந்த சேர்ட்டின் நிறம். எத்தனை பேர் வந்தது, எந்த ஒழுங்கையால் போனது, எந்த வீட்டில் லாம்பு எரிந்து அணைந்தது. அவர்கள் பேசின தமிழ் எந்தப் பக்கத்துத் தமிழ். பிறகு ஒவ்வொரு கந்தோரிலும் ஆர் என்ன சொன்னார்கள், அதில் எது எதோடு பொருந்தவில்லை. அம்மா ஹெரோடோட்டஸைக் கேள்விப்பட்டதில்லை. விசாரித்திருக்கிறா.

அதில் அம்மா எழுதின திகதி ஓகஸ்ட் 26. என்னுடைய வழக்குப் பத்திரத்தில் 27. வாசித்தபோது ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது, பழைய கடிதத்தின் ஞாபகம். பிறகு விளங்கியது. அவர்கள் வந்தது சாமம் பன்னிரண்டு தாண்டின பிறகு. எனக்கு அது அடுத்த நாள். அம்மாவுக்குப் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். இரண்டும் சரி. அம்மாவின் கணக்கில் அந்த நாள் இன்னும் விடியவில்லை.

பிறகு அடுத்த வரி: 'வெயில். மிளகாய் காயப் போட்டேன்.'

மகள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொப்பியைக் காட்டினாள். பிரிட்ஜ் தாளைப் பற்றி எழுதினதற்கு ரீச்சர் சரி போட்டிருந்தா. "அப்பா, உனக்கு எப்பிடி உதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள். கம்பஸில் படித்தது என்று சொன்னேன். அம்மாவின் கொப்பி அலுமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும்தான் தெரியும். அதனால் திங்கட்கிழமைகளில் இருந்து அதை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆவணி வருகிற இடங்களில் எல்லாம் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுகிறேன்: இலங்கைக் கணக்கில், ஓகஸ்ட்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு கொப்பி, ஒரு கலண்டர், ஒரு கடைக் கணக்கு இருக்கும். எறிந்துபோடாதீர்கள். அம்மா அப்பா இருக்கிறவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களுக்குச் சொல்ல மனம் இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கப் பிந்திவிட்டேன்.